சாலையோரத்து ராட்சதர்கள்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010ல் சிவில் முடித்து வெளியே போனவன். நம்ம செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசுப்பா. தொழில் சம்பந்தமா இருக்கணும், ஆனா போரடிக்கக் கூடாது" என்றார். சிவில் இன்ஜினியரிங்கில் போரடிக்காத விஷயம் எது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எல்லோரும் வேடிக்கை பார்க்கிற ஒன்றையே எடுத்துக்கொண்டேன். ரோட்டோரத்தில் நிற்கிற பெரிய பெரிய உருவங்கள்.

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வாழப்பாடி தாண்டி புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் நிற்கிறார். 146 அடி. 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. தூங்கிக்கொண்டு வருகிற ஆள் கூட எழுந்து ஜன்னல் பக்கம் சாய்வார். மலேசியாவில் பத்துமலை முருகன் 140 அடி, 2006ல் திறந்தது. இரண்டையும் செய்தது நம்ம திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன்தான். கிராமத்துப் பக்கம் போனால் ஊர் எல்லையில் அய்யனாரும் அவர் குதிரையும். அமெரிக்காவில் 1960களில் ஃபைபர் கண்ணாடியில் இருபது இருபத்தைந்து அடி ஆட்களைச் செய்து ஓட்டல் வாசலிலும் டயர் கடை வாசலிலும் நிறுத்தினார்கள். காரில் போகிறவன் நின்று பார்ப்பான், பார்த்தவன் ஒரு காப்பியாவது குடிப்பான், அவ்வளவுதான் கணக்கு. கடவுளானாலும் காப்பிக் கடையானாலும் வேலை ஒன்றே. போகிறவனைத் திரும்பிப் பார்க்க வைப்பது.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர், காலடிப்பேட்டை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்கள் பக்கம் அந்த மாதிரிப் பெரிய சிலை எதுவும் நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. எங்களுக்கு உயரம் என்றால் ஹார்பர் கிரேனும் அனல் மின் நிலையப் புகைபோக்கியும்தான். 1970ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. அது ஓடிய காலத்தில் கடலுக்குப் போகிறவர்கள் அந்தப் புகைபோக்கியைப் பார்த்துத்தான் கரைக்குக் குறி வைப்பார்கள். யாரும் அழகுக்காகக் கட்டியதில்லை, ஆனால் ஊருக்கு அடையாளம் அதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற எம்.ஆர்.எஃப். பயில்வானைப் பார்க்காத ஹைவே இந்தியாவில் இருக்கிறதா? அந்தக் கம்பெனி 1946ல் பலூன் செய்கிற ஒரு ஷெட்டாக ஆரம்பித்தது எங்கள் திருவொற்றியூரில்தான். பயில்வான் பிறந்தது 1964ல். ஆக, ரோட்டோர ராட்சதன் ஒருவனை நாட்டுக்கே அனுப்பி வைத்த ஊர் எங்களுடையது என்று நான் கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

மற்றபடி எங்கள் பக்கத்து ராட்சதர்கள் கட்-அவுட்டுகள். சிலை என்றால் நூறு வருஷம் நிற்கும், கட்-அவுட் பத்து நாள் நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான். 1957ல் 'வணங்காமுடி' படத்துக்குச் சித்ரா தியேட்டரில் 80 அடிக்கு சிவாஜி கட்-அவுட் வைத்ததைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நான் ஸ்கூல் போன 1990களில் சினிமாக்காரர், கட்சிக்காரர் என்று ரோடு முழுக்க வரிசையாக நிற்பார்கள். அதன் பின்பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சோறு இருந்தது. எங்கப்பா, நாங்க நைனான்னுதான் கூப்பிடுவோம், சாரம் கட்டுகிறவர். சவுக்குக் கம்பு, கயிறு, தோளில் ஒரு துண்டு. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாரம், கோயில் கோபுரத்துக்குச் சாரம், சீசனில் கட்-அவுட்டுக்குச் சாரம்.

படம் வரைகிறவர் தனி, அவர் பெரிய ஆர்ட்டிஸ்ட். முகத்துக்கு அவர் ரோஸ் கலர் அடித்துக்கொண்டிருக்கும்போது நைனா பின்னால் நின்று கம்புக்குக் கம்பு முடிச்சுப் போடுவார். நான் முன்னால் ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுவேன். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டேய், மூஞ்சை ஊர்ல எல்லாரும் பாப்பான். முதுவை நாம மட்டுந்தான் பாக்கணும்."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடல் காற்று மாறியதும் ராத்திரியில் எழுந்து போய்விடுவார். கட்-அவுட்டின் மேல் பலகை நாலை அவிழ்த்துக் கீழே இறக்கி வைத்துவிட்டு வருவார். காலையில் கட்சிக்காரர் வந்து, "தலைவருக்குத் தலையைக் காணோமே" என்று சத்தம் போடுவார். நைனா, "காத்துக்கு வழி வுட்டேன் சார். தலை பத்திரமா கீது. சாயங்காலம் வெச்சிடலாம்" என்பார். இதற்காகக் கூலியில் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு இந்தக் கல்லூரியில் மூன்றாம் வருஷம்தான் புரிந்தது. சார் போர்டில் ஒரு சின்ன சூத்திரம் எழுதினார். காற்றின் வேகத்தை வர்க்கப்படுத்து, 0.6ஆல் பெருக்கு, அழுத்தம் வரும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பிகளா: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்கு. நம்முடைய ஐ.எஸ். 875 விதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. முப்பது அடி உயரம், பத்து அடி அகலம் உள்ள பலகை 28 சதுர மீட்டர். அதை நாலு டன்னுக்கு மேல் தள்ளும். ஒரு யானையின் எடை, பதினைந்து அடி உயரத்தில், படுக்கைவசமாக! நைனா அந்த நாலு பலகையை ஏன் அவிழ்த்தார் என்று அன்றைக்கு வகுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உச்சியில் இருக்கிற பலகைதான் அடியை அதிகமாகப் பிடுங்கும். பக்கத்தில் இருந்த நண்பன், "ஏன்டா, கணக்கு அவ்ளோ கஷ்டமா?" என்று கேட்டான். இதோ மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவும் தெரிந்தவன் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

2016ல் ஒரு சின்ன கன்சல்டன்சியில் வேலை. எங்கள் பக்கத்து மெயின் ரோட்டில் மீன் சாப்பாட்டுக் கடை திறக்கிற ஒருவர் வாசலில் முப்பது அடிக்கு ஒரு வஞ்சிர மீனை நிறுத்த ஆசைப்பட்டார். வாலில் நிற்கிற மீன்! இரும்புச் சட்டம், மேலே தகடு, வெள்ளிக் கலர், கண்ணில் பல்பு. கேட்டபோது எனக்கே குஷியாக இருந்தது. நம்ம ஊருக்கும் ஒரு வேடிக்கை வரட்டுமே என்று நினைத்தேன். வரைபடம் வந்தது. அஸ்திவாரம் ஐந்தடி ஆழம் என்று போட்டிருந்தது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அன்று சனிக்கிழமை, சாயங்காலம் நண்பன் கல்யாண ரிசப்ஷன். இடத்தைப் போய்ப் பார்க்காமலே, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மீன் நின்றது. ஜனம் கூடியது. போட்டோ எடுத்தார்கள். லாரி டிரைவர்கள் "மீனாண்ட எறங்கிக்கோ" என்று சொல்கிற அளவுக்கு ஸ்டாப்பிங் பெயரே ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பர் 12ம் தேதி வர்தா புயல் வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. மத்தியானம் மூன்று மணி வாக்கில் மீன் விழுந்தது. விழுந்தது ரோட்டில் இல்லை. பக்கத்தில் ஒரு ஆயா வைத்திருந்த டீக்கடை மேல். புயல் என்பதால் ஆயா காலையிலேயே அடுப்பை அணைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கடையின் பெஞ்சு இரண்டாக உடைந்து கிடந்தது. எப்போதும் மூன்று மணிக்கு அந்த பெஞ்சில் ஷிப்ட் மாறுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

மறுநாள் காலையில் நைனா கூட வந்தார். மீனை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் பெயர்ந்து கிடந்த அடிப்பாகத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினார். ஐந்தடி இல்லை. இரண்டரை அடி கூட இல்லை. அதுவும் சாம்பலும் மணலும் கொட்டி மேடாக்கின இடம். பதினைந்து நிமிஷம் போய்ப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நைனா கேட்டது ஒரே கேள்வி.

"கீழே பாத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. ஆயாவின் கடையைக் கம்பு நட்டு அவரே கட்டிக் கொடுத்தார், கூலி வாங்காமல். நான் கம்பு பிடித்தேன். எங்கள் ஆபீசிலும் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை, ஆனால் போயிருந்தாலும் நியாயம்தான்.

ஆள் இல்லாததால் நான் தப்பித்தேன். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ரோட்டு நடுவில் கட்டின பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார். அவரும் நம்மைப் போல ஒரு இன்ஜினியர்தான். மும்பை காட்கோபரில் 2024 மே 13ம் தேதி பெட்ரோல் பங்க் மேல் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் போனார்கள். நாற்பதுக்கு நாற்பது அடி அனுமதிக்கிற ஊரில் அது 120க்கு 120 அடி. மகாராஷ்டிரத்தில் மால்வனில் 35 அடி சிவாஜி மகாராஜா சிலை 2023 டிசம்பர் 4ம் தேதி திறந்து, 2024 ஆகஸ்ட் 26ம் தேதி விழுந்தது. ஒன்பது மாதம் கூட நிற்கவில்லை. சிற்பியோடு சேர்த்துக் கைதானவர் ஒரு கட்டமைப்பு ஆலோசகர். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் பெரிசாக எதுவும் வைக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். கன்னியாகுமரியைப் பாருங்கள். 1979ல் அடிக்கல் நாட்டி, 1990ல் வேலை தொடங்கி, 2000 ஜனவரி 1ல் திறந்த வள்ளுவர் சிலை. கணபதி ஸ்தபதி தலைமையில் கல்லை மட்டுமே அடுக்கிக் கட்டியது. 133 அடியில் 38 அடி பீடம், மேலே 95 அடி சிலை, எடை சுமார் 7000 டன். சுற்றிலும் ஆயிரக்கணக்கான சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டிச் சாரம் போட்டார்கள். நைனா மாதிரி ஆட்கள் கடல் நடுவில் அந்தக் கம்பில்தான் தொங்கியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அலை அந்தப் பாறை மேல் ஏறி அடித்தது. வள்ளுவர் அசையவில்லை. கீழே பார்த்துவிட்டுக் கட்டினார்கள், நின்றது.

முடிக்கிற நேரம் வந்துவிட்டது, செயலாளர் அண்ணன் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு விஷயம்.

சின்ன வயதில் நைனா வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை மெரினாவுக்குக் கூட்டிப்போவார். முதலில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்து 1959 ஜனவரி 25ல் திறந்தது. நாலு பேர் பாறையைத் தள்ளுவார்கள். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923ல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான். எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். நைனா மட்டும் சுற்றிப் பின்பக்கம் போய், அவர்களின் முதுகையும், தரையில் ஊன்றின காலையும் ரொம்ப நேரம் பார்ப்பார். "இவன் கரெக்டா காலை வெச்சிருக்கான்டா" என்பார்.

இன்றைக்கு எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. பலகை, வளைவு, சிலை என்று வருஷத்துக்குப் பத்திருபது கையெழுத்துக்கு வருகின்றன. "சும்மா ஒரு சைன் தானே சார்" என்பார்கள். குழியைத் திறந்து காட்டினால்தான் பேனாவை எடுப்பேன். இதனால் சில வேலைகள் கை நழுவிப் போயின, சில சொந்தக்காரர்கள் பேசுவதில்லை. பரவாயில்லை.

இறுதியாண்டு மாணவர்களே, நாளைக்கு உங்கள் கையிலும் அந்தப் பேனா வரும். அப்போது ஒரு டீக்கடை பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், நைனாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வயது எழுபது தாண்டிவிட்டது, ஆனால் மண்ணைத் தொட்டுப் பார்க்க அவருக்கு இன்னும் கண்ணாடி தேவையில்லை.