மருந்தியற் பேராசிரியர் ஆர்வித் கார்ல்சன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாணவர் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள், அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. நம் சங்க மேடையில் அவர் வரலாறு எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். நம் இல்லங்களிற் கைகால் நடுங்கி ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் முதியோர்க்கும், சித்தங் கலங்கியமையால் உறவினர் கண்ணிற் படாமல் மறைத்து வைக்கப்படும் இளையோர்க்கும் அவரது ஆராய்ச்சியோடு நெருங்கிய தொடர்புண்டு. அதுவே யான் கூறும் விடை.

ஆர்வித் கார்ல்சன் சுவீடன் தேசத்து உப்சாலா நகரில் 1923-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் லுண்ட் சர்வகலாசாலையிற் சரித்திரப் பேராசிரியர். மூத்த உடன்பிறந்தார் தந்தையாரைப் பின்பற்றிக் கலைப்பகுதியிற் பயின்றனர். இவரோ 1941-இல் வைத்தியக் கல்வியிற் புகுந்து, 1951-இற் பட்டம் பெற்று, லுண்டிலேயே மருந்தியல் ஆசிரியராக அமர்ந்தார். அப்பொழுது உடம்பிற் சுண்ணச் சத்து இயங்கும் முறையை ஆராய்ந்து வந்தார். பின்னர் அங்கே உயர்ந்த பதவியொன்றுக்கு விண்ணப்பம் செய்தபோது, அவ்வாராய்ச்சி மருந்தியலின் நடுநாயகமான பொருளன்று என்று கூறி அறிஞர் குழுவினர் அவரை ஒதுக்கிவிட்டனர். மற்றொருவராயின் மனமுடைந்து வாளா இருந்திருப்பர். இவரோ புதுத்துறை கற்க எண்ணி, 1955-இல் அமெரிக்கா சென்று, பெத்தெஸ்டா நகரத்துத் தேசிய சுகாதார நிலையத்தில் பெர்னார்டு பிராடி என்பவரின் ஆய்வுக்கூடத்திற் சில மாதம் பயின்றார். கைகூடாத பதவியே அவரை மூளையாராய்ச்சிக்கு ஆற்றுப்படுத்தியது எனலாம்.

ஈண்டு நம் நாட்டுக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரைப் பித்துற்றோர்க்கு அளித்தல் இந்நாட்டில் நெடுநாள் வழக்கம். கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் 1931-இல் அதன் பயனை வைத்திய உலகுக்கு எழுதி அறிவித்தனர். 1952-இற் சுவிட்சர்லாந்து தேசத்துச் சிபா நிறுவனத்தார் அவ்வேரினின்று ரிசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். அது மூளையில் யாது செய்கிறது என்பதே கார்ல்சன் ஆராய்ந்த வினா.

சுவீடன் திரும்பிய அவர், மாணாக்கர் துணையுடன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் செவி தாழ்ந்து, அசைவற்று, கல்லெனக் கிடந்தன. பின்பு எல்-டோபா என்னும் பொருளை ஊசி வழியாகச் செலுத்தவே, சிறிது பொழுதில் அவை எழுந்து ஓடலாயின! இதனை 1957-இல் வெளியிட்டார். எழுந்த முயல்களின் மூளையைச் சோதித்தபோது, அங்கு மீண்டிருந்தது நாரட்ரினலின் அன்று. டோபமைன் என்பது தெரிந்தது. அதுகாறும் டோபமைனை, நாரட்ரினலின் உண்டாவதற்கு முந்திய ஒரு படி என்றே அறிஞர் பலரும் கருதி வந்தனர். அஃது ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி உரைக்கும் தூதுப் பொருள் என்று இவர் கூறினார். தூதன் வாராதொழியின் மன்னன் ஆணை படைக்கு எட்டாதவாறு போல, டோபமைன் வற்றின் உறுப்புக்கள் இயங்கா என்பது கருத்து.

அவர் மாணாக்கர்களாகிய பெர்ட்லர், ரோசன்கிரென் என்னும் இருவர், இப்பொருளின் பெரும்பகுதி மூளையின் அடிப்பகுதியில், இயக்கத்தை ஆளும் முடிச்சுக்களிலே தங்கியிருப்பதை 1959-இற் காட்டினர். ஆசிரியரின் ஊகத்திற்கு மாணாக்கரே சான்று தந்த இச்செயல் போற்றத்தக்கது. எனினும், 1960-இல் இலண்டனிற் கூடிய அறிஞர் அவையில், அத்துறையில் முதுபெரும் புலமையுடையோர் இதனை ஒப்பவில்லை. கார்ல்சன் சினந்தாரல்லர், கோத்தன்பர்க் திரும்பிச் சோதனையைத் தொடர்ந்தார்.

விளைந்த பயன் யாதெனின், ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்த நடுக்குவாதத்தில் டோபமைன் குன்றியிருப்பதை வியன்னாவில் எரிங்கரும் ஆர்னிகீவிச்சும் 1960-இற் கண்டனர். மறு ஆண்டே நோயாளர்க்கு எல்-டோபா அளிக்கப்பட்டது. 1967-இற் காட்சியாஸ் என்பவர் டோபாவை வாய்வழி மருந்தாகப் படிப்படியாக மிகுத்துக் கொடுத்துப் பெரும்பயன் கண்டார். இன்றும் அந்நோய்க்கு எல்-டோபாவே தலையாய மருந்து. நோயை வேரறுப்பதன்றேனும், முடங்கியோரை நடக்கச் செய்கிறது. 1963-இற் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்க்விஸ்டும், சித்தக் கலக்கத்திற்குரிய மருந்துகள் டோபமைன் சென்று பற்றும் இடத்தைத் தடுப்பனவாதல் வேண்டும் என்று உய்த்துணர்ந்தனர். அவர் பிறரோடு ஆக்கிய சிமெலிடின் என்னும் மனச்சோர்வு மருந்து, சிலருக்கு நரம்புத் தீங்கு விளைத்தமையால் 1983-இல் விலக்கப்பட்டது. எனினும் அவ்வகை மருந்துகள் பிற இன்று உலகெங்கும் வழங்குகின்றன.

1959 முதல் 1989 வரை முப்பது ஆண்டுகள் கோத்தன்பர்க் சர்வகலாசாலையிற் பேராசிரியராய் விளங்கிய அவருக்கு, 2000-ஆம் ஆண்டில் கிரீன்கார்டு, காண்டல் என்னும் இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. முயற் சோதனை வெளிவந்து 43 ஆண்டுகள் கழிந்திருந்தன! 2018-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், 95-ஆம் வயதில் மறைந்தார்.

மாணவர்களே, ஒரு பதவி கைகூடாவிடின் கல்வி வீணாயிற்றென்று கருதற்க. மருந்தியல் என்பது மருந்துக் கடையில் முடிவதன்று. மூளையின் உள்ளறை வரை செல்லும் வழி அது.

பெரியோர்களே, தாய்மார்களே! சித்தக் கலக்கம் முன்வினைப் பயன் என்றும், குடிப்பழி என்றும், பெண் கொடுக்கவும் கொள்ளவும் தடையாம் என்றும் அஞ்சி, நம்மவர் அதனை மறைக்கின்றனர். மறைத்த வீட்டில் நோய் வளர்கின்றது. மருத்துவம் காலம் கடந்து வருகின்றது. ஈரல் நோய்க்கு நாணாத நாம் மூளை நோய்க்கு நாணுதல் எவ்வாறு பொருந்தும்? மற்று, சர்ப்பகந்தி நம் நாட்டு வேர்தானே என்று தாமே அரைத்து உண்ணலும் தகாது. முயலைக் கல்லாக்கிய சத்து அதிலே உளது. மருத்துவரை அடுத்தலே முறை.

சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பகுதியை மருந்தியல் பயில விழையும் ஏழை மாணவர்க்கு ஒதுக்குமாறும், அடுத்த கூட்டத்தில் மனநோய் மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசுவிக்குமாறும் காரியதரிசி அவர்களை வேண்டி, என் உரையை முடிக்கின்றேன்.