பழைய காரும் புதிய விசையும்

சண்டிலிப்பாயில் என் பழைய மாணவன் ஒருவன், தகப்பனாரின் ஒஸ்ரின் காருக்கு வீட்டிலேயே டர்போ பூட்டலாமா என்று கேட்டு வந்தான். கலைப்பட்டதாரியிடம் எஞ்சின் விசாரணை! ஆயினும் அக்காரை நான் அறிவேன். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் குடாநாட்டிற் பெற்றோல் அருகியபோது, என் தமக்கையாரைப் பிள்ளைப்பேற்றுக்கு இரவோடிரவாக ஏற்றிச் சென்றது அதுவே, ஓடியது மண்ணெண்ணெயில்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் செவ்வனே ஆவியாகாது. ஆதலாற் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாத மிச்சம் கீழே கசிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தத் தாழ்ந்த எரிபொருளை அது தாங்கியமைக்குக் காரணம், பழைய எஞ்சின்களின் குறைந்த அமுக்கம். ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. டர்போவோ, வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று காற்றை அமுக்கி உட்செலுத்துவது. சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற உபாயம் அது. அமுக்கம் மிஞ்சினால் எரிபொருள் தறிகெட்டு வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

“தம்பி, வேகத்தைக் கூட்டமுன் பிறேக்கைப் பார்” என்றேன்.

“அதுவும் பழசுதான், சேர்” என்றான். இப்போது பிறேக் வேலை நடைபெறுகிறது.