ருஷ்ய நூல்களும் நம் வாசகர் மதிப்புரையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியப் பேச்சென்றால் கம்பனையோ வள்ளுவனையோ எடுத்துக்கொள்வதே நம் வழக்கம். இம்முறை செயற்குழுவார் நம்மிடம் ஒப்புவித்த பொருள் வேறு. சங்க நூலகத்தில் இரண்டு அலமாரிகள் நிறைய ருஷ்ய நூல்கள் உள்ளன. புதிய நூல்களுக்கு இடமில்லை. பழையவற்றைத் தாள் விலைக்குத் தள்ளிவிடலாம் என்றொரு யோசனை செயற்குழுவில் எழுந்தது. அதற்கு முன்பு, படித்தவர்களின் மதிப்பைத் திரட்டி அவையில் உரைக்குமாறு பணித்தார்கள். ஆகவே இது சொற்பொழிவு அன்று, ஒருவகை வழக்குரை. நாம் வழக்கறிஞர் அல்லோம். ஆயினும் வையாபுரிப் பிள்ளை அவர்கள் வழக்கறிஞர் தொழில் நடத்திக்கொண்டே தமிழாராய்ந்த ஊர் இது என்பதை எண்ணிச் சிறிது துணிவு கொள்கிறோம்.

இந்நூல்கள் நம் வீடுகளுக்கு வந்த வரலாறு பெரியவர்களுக்குத் தெரியும். மாஸ்கோவிலிருந்த முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே நூல்களை அச்சிட்டுக் கப்பலில் அனுப்பியது. சென்னையில் 1951-இல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றைத் தமிழகமெங்கும் பரப்பிற்று. இவ்வூரிலோ பிரபாத் புத்தக நிலையம் மலையாள நூல்களை அதேபோல் விற்றது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் மாஸ்கோவிலேயே தங்கி, பனிக்குளிரில் அமர்ந்து தமிழ் எழுதினர். கெட்டி அட்டை, வெண்மையான தாள், விலையோ மிக மலிவு. மாதச் சம்பளத்தில் மளிகைக் கணக்குத் தீர்த்தபின் எஞ்சிய சில்லறையில் டால்ஸ்டாயை வாங்க முடிந்த காலம் அது. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் மறைந்தது. அந்த மலிவு நூல்களும் வருவது நின்றது.

அந்நூல்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் இருக்கும். மொழிபெயர்ப்பும் அமைப்பும் எப்படி என்று எழுதியனுப்புமாறு வாசகரைக் கேட்டு, மாஸ்கோ, ஜூபோவ்ஸ்கி புல்வார், 17 என்ற முகவரியைத் தந்திருப்பார்கள். நம் உறுப்பினர் எவரேனும் எழுதினாரா என்று விசாரித்தோம். ஒருவரும் எழுதவில்லை. ஆனால் வேறொன்றைச் செய்திருக்கிறார்கள். அதே பக்கத்தின் வெற்றிடத்தில் பென்சிலால் தம் கருத்தை எழுதிவிட்டார்கள்! நூலகப் புத்தகத்தில் கிறுக்குதல் குற்றமே. ஆயினும் நாற்பது ஆண்டுக்கால வாசகர் மதிப்புரை நமக்குக் கிட்டியது இக்குற்றத்தால்தான். இரண்டு மாதமாக நாம் படித்தவை இப்பென்சில் எழுத்துகளே.

பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றே: பெயர்கள். டி. எஸ். சொக்கலிங்கம் அவர்கள் தமிழில் தந்த ‘போரும் வாழ்வும்’ நூலில், யார் யாரென்று விளங்கவில்லை என்று ஒருவர் அலுத்துக்கொள்கிறார். அதன் கீழே இன்னொரு கை, பெயர்களைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு படிக்குமாறு அறிவுரை தருகிறது. இக்குறையை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. ருஷ்யருக்குத் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு. லெவ் நிக்கொலாயெவிச் டால்ஸ்டாய் என்றால் நிக்கொலாயின் மகன் லெவ், டால்ஸ்டாய்க் குடும்பத்தான் என்பது பொருள். தந்தை பெயரின் தலையெழுத்தைத் தாங்கித் திரியும் நமக்கு இது புதுமையா? அலெக்ஸாந்தர் வீட்டில் ஸாஷா ஆகிறான். சுப்பிரமணியன் வீட்டில் மணியாகவும் சுப்புவாகவும் ஆவதில்லையா? சாலைக் கடையில் ‘பிள்ளைவாள்’ என்றும், அலுவலகத்தில் தலையெழுத்துகளாலும், வீட்டில் ‘அண்ணாச்சி’ என்றும் ஒரே மனிதரை அழைக்கும் நம்முடைய கதைகளை ஒரு ருஷ்யர் படித்தால் அவரும் தனித்தாள் எடுக்கத்தான் வேண்டும்.

அலமாரியின் மேல் ஒட்டியுள்ள ‘ருஷ்ய நூல்கள்’ என்னும் சீட்டும் திருத்தத்திற்கு உரியது. ‘ஜமீலா’ எழுதிய ஐத்மாத்தவ் கிர்கீசியர். கோகல் எழுதியது ருஷ்ய மொழியில். பிறந்தது உக்ரைன் மண்ணில். தமிழர் அனைவரையும் இவ்வூரார் சிலர் ‘பாண்டி’ என்று ஒரே சொல்லால் அழைக்கும்போது, திருநெல்வேலியாரும் நாஞ்சில் நாட்டாரும் தஞ்சையாரும் எப்படி முகம் சுளிக்கிறோம்! அதே தவற்றை நாம் நம் அலமாரியில் செய்துவைத்திருக்கிறோம்.

இனிப் போர் நூல்கள். மிகுதியாகத் தேய்ந்தவையும் இவையே. பரீஸ் பொலெவோய் எழுதிய ‘உண்மை மனிதனின் கதை’யின் முதுகுத் தையல் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டுள்ளது. 1942-இல் விமானம் வீழ்ந்து, பனிக்காட்டில் பதினெட்டு நாள் ஊர்ந்து வந்து, இரு கால்களையும் இழந்து, பொய்க்கால்களுடன் மறுபடியும் விமானம் ஓட்டிய மரேஸ்யெவ் என்னும் மெய்யான வீரரின் கதை அது. இந்நூலைக் குறித்து எழுதியவர் அனைவரும் புகழ்ந்தே எழுதியுள்ளனர்.

பரீஸ் வஸீலியெவின் ‘அதிகாலையின் அமைதியில்’ நூலில் கருத்துகள் பிரிகின்றன. 1942-இல், பதினாறு ஜெர்மானியரை எதிர்த்து ஒரு சார்ஜண்ட் மேஜரும் ஐந்து இளம்பெண்களும் காட்டில் நிற்கின்றனர். ஐவரும் மடிகின்றனர். 2009-இல் வந்த ‘பேராண்மை’ திரைப்படத்திற்கு அடிப்படை இக்கதையே. படத்தைப் பார்த்தபின் நூலைத் தேடி வந்தவர்கள் பலர். அவர்களுள் ஓர் அம்மையார், ஆண் எழுதிய கதை ஆகையால் பெண்கள் இத்தனை அழகாகச் சாகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நாம் படித்தவற்றுள் மிகக் கூர்மையான மதிப்புரை இதுதான். அவ்வம்மையார் இவ்வவையில் இருக்கிறாரா என்று அறியோம். இருந்தால் ஒரு செய்தி: போருக்குச் சென்ற சோவியத் பெண்களைத் தேடித் தேடி அவர்கள் வாய்மொழியையே நூலாக்கிய பெலாரஸ் நாட்டு ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் என்பவர்க்கு 2015-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவருடைய பெண்கள் அழகாகச் சாவதில்லை. பேன் கடிக்க, ஆண்களின் பெரிய பூட்ஸை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இப்போது வழக்கின் கடினமான இடத்திற்கு வருகிறோம். சோவியத் நாட்டு வரலாற்று நூல் ஒன்றின் நடுவில், யாரோ மையினாலேயே, “1939 எங்கே?” என்று எழுதிவைத்திருக்கிறார். எழுதியவர் யாரென்று தெரியவில்லை. வினாவோ நியாயமானது. 1939 ஆகஸ்டு 23-ஆம் நாள் ஸ்டாலின் அரசு ஹிட்லர் அரசுடன் உடன்படிக்கை செய்தது. அத்துடன் போலந்தையும் பால்டிக் நாடுகளையும் பங்கிடும் மறைவொப்பந்தம் ஒன்றும் இணைந்திருந்தது. அப்படி ஒன்று இல்லவேயில்லை என்று அரை நூற்றாண்டு சாதித்து, 1989 டிசம்பரில்தான் மாஸ்கோ ஒப்புக்கொண்டது. காட்டின் வனத்தில் போலந்து அதிகாரிகளைக் கொன்றது தாங்களே என்று ஒப்பியது 1990-இல். 1932-33-இல் உக்ரைனில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டதும் அந்நூலில் இல்லை. நாம் நம் பிள்ளைகளுக்கு இந்நூல்களைப் பரிசாக வழங்கியிருக்கிறோம். இதை ஒப்புக்கொள்வதில் நமக்குச் சிறிது நாணம் உண்டு.

அந்நாட்டிலேயே மெய்யெழுத முயன்றவர்க்கு நேர்ந்ததையும் கேளுங்கள். வஸீலி குரோஸ்மன் என்பவர் போர்முனைச் செய்தியாளராய் ஸ்டாலின்கிராடில் இருந்தவர். அவருடைய தாயாரை உக்ரைனில் உள்ள பெர்திச்சிவ் நகரில் 1941-இல் நாஜிகள் கொன்றனர். ஹிட்லரின் கொடுமையையும் ஸ்டாலினின் கொடுமையையும் அருகருகே வைத்து ‘வாழ்வும் ஊழும்’ எனப் பொருள்படும் பெருநாவலை அவர் எழுதினார். 1961-இல் காவலர் வந்து கைப்பிரதியை மட்டுமன்று, தட்டச்சுப் பொறியின் நாடாவையும் எடுத்துச் சென்றனர். 1964-இல் அவர் இறந்தார். நாவல் வெளிநாட்டில் அச்சானது 1980-இல். சொந்த நாட்டில் 1988-இல். பொலெவோயை நமக்குக் கப்பலில் அனுப்பிய அதே ஆண்டுகளில் குரோஸ்மன் பூட்டிய அறையில் கிடந்தார்.

அப்படியானால் அலமாரியைக் காலி செய்யலாமே என்று வாசகர் கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். 2022 பிப்ரவரி 24-இல் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் இந்நூல்களைத் தொடவே கை கூசுகிறது என்றார். அவர் சொன்னதில் வேகம் இருந்தது, காரணமும் இருந்தது. அப்போது உக்ரைனில் மருத்துவம் பயின்ற கேரளப் பிள்ளைகள் நிலவறைகளில் ஒளிந்திருக்க, இங்கே பெற்றோர் தொலைபேசியைக் கையில் வைத்தபடி உறங்காதிருந்ததை நாம் கண்டோம். அதற்குப் பின் நடந்தது இன்னும் அருகில். நம் நகருக்கு வடக்கே அஞ்சுதெங்கு, தெற்கே பொழியூர். இக்கடற்கரை ஊர்களின் இளைஞர் சிலர் வேலை என்று ஆசை காட்டப்பட்டு ருஷ்யாவுக்குச் சென்று, படையில் சேர்க்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். காயத்துடன் சிலர் 2024-இல் திரும்பினர். கேரளத்திலிருந்து சென்றோருள் உயிர் துறந்தோரும் உண்டு. டால்ஸ்டாய் இருபத்தாறு வயதில் பீரங்கிப் படை அதிகாரியாய்ச் செவஸ்தபோல் முற்றுகையில் நின்று எழுதிய கட்டுரைகளைப் படித்த ஒருவர், அவ்விளைஞர்கள் செய்தித்தாளில் சொன்னதும் இதுவேதான் என்று வியந்தார். முழக்கம் ஒருபுறம், சேறும் அச்சமும் மறுபுறம். நூற்றெழுபது ஆண்டு கழிந்தும் கிரிமியா மீது அதே வழக்கு நடக்கிறது!

அவ்வன்பருக்கு நாம் அளித்த விடை இது. டால்ஸ்டாயைத் தள்ளினால் போரைப் பற்றிய மிகக் கடுமையான குற்றப்பத்திரிகையையே தள்ளியவர் ஆவோம். வரலாற்று நூலைத் தள்ளினால் “1939 எங்கே?” என்ற வினாவும் அதனுடன் தாள் கடைக்குப் போய்விடும். அவர் முழுதும் உடன்படவில்லை. வருத்தத்துடனேயே சென்றார். ஆனால் மறுவாரம் ‘புத்துயிர்ப்பு’ நூலை இரவல் பெற்றிருப்பதைப் பதிவேட்டில் கண்டோம்.

நம்மைச் சுற்றியுள்ள மலையாளத்தார் இதே நூல்களைப் படித்து என்ன செய்தனர் என்பதையும் பாருங்கள். 1866-இல் கடன்காரப் பதிப்பாளர் ஒருவருக்கு அஞ்சி, சுருக்கெழுத்துப் பயின்ற அன்னா என்னும் இளம்பெண்ணிடம் இருபத்தாறு நாளில் ‘சூதாடி’ நாவலைச் சொல்லி எழுதுவித்தார் தஸ்தயேவ்ஸ்கி. நாள் தவறியிருந்தால் அவருடைய படைப்புகள் ஒன்பது ஆண்டுக்கு அப்பதிப்பாளருக்கே உரிமையாகியிருக்கும். இந்நிகழ்ச்சியை வைத்துப் பெரும்படவம் ஸ்ரீதரன் 1993-இல் ‘ஒரு சங்கீர்த்தனம் போலே’ என்னும் நாவலை எழுதினார். எழுதும்போது அவர் பீட்டர்ஸ்பர்க் நகரைக் கண்டதே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. ஒரு வாசகர் தம் ஆசிரியருக்கு எழுதிய மதிப்புரை என்றே நாம் அதைக் கருதுகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மலையாளம் எளிதில் வரும். அவர்கள் அதை மூலத்திலேயே படிக்கலாம். பெற்றோர்தாம் தட்டுத் தடுமாறுகிறோம்.

ஆகவே நம் பரிந்துரை வருமாறு: மாநாட்டு அறிக்கைகளும் தலைவர்களின் சொற்பொழிவுத் தொகுதிகளும் ஓர் அடுக்கு முழுவதும் உள்ளன. அவற்றை எவரும் இரவல் பெற்றதாகப் பதிவில்லை. பென்சில் கூடத் தீண்டவில்லை. அவை போகலாம், செயற்குழு விரும்பும் இடம் அதிலேயே கிடைக்கும். கதை, நாவல், போர் நூல், வரலாறு ஆகியவை இருக்கட்டும். வரலாற்று நூல்களின் முன்பக்கத்தில் அச்சான ஆண்டையும், அவ்வாண்டில் சொல்ல முடியாதிருந்தவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுவோம். அந்த வேலையை நாமே ஏற்கிறோம். எம். ஏ. சுசீலா அவர்கள் மொழிபெயர்த்த ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ ஆகிய பிற்கால நூல்களும் வாங்கப்பட வேண்டும். நன்கொடையாளர் எவரேனும் இருப்பின் விழா முடிந்ததும் பொருளாளரைக் காண்க.

இன்னொன்று. இனி நூல்களில் பென்சிலால் எழுத வேண்டா. ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் உறையொன்று ஒட்டி, உள்ளே வெற்றுச் சீட்டுகள் வைக்கப்படும். எழுதியவர் பெயர் இடத் தேவையில்லை. படித்து முடித்த நாளை மட்டும் குறிக்கவும். “மிக நன்று” என்று மட்டும் எழுதுவோர், எந்தப் பக்கம் நன்று என்பதையும் சேர்த்தெழுதுமாறு வேண்டுகிறோம். ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை அலமாரி திறந்திருக்கும். சிறுவர்கள் பொறுமையிழந்துவிட்டார்கள், நாடகத்திற்குத் திரை காத்திருக்கிறது.