ஆலையில் பயிற்சி வகுப்பு: யாருக்கு என்ன வேலை?

(நூற்பாலை நல அலுவலர்கள், மேற்பார்வையாளர்கள், ஆலைச் செவிலியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கு இரத்தசோகை பற்றி ஒரு பயிற்சி நடத்த வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. அடுத்து என்ன செய்வீர்கள் என்று நான் சொல்லட்டுமா? டாக்டருக்குப் போன் போடுவீர்கள். "ஐயா, வந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போங்க" என்பீர்கள். கேண்டீனில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, வடையும் டீயும் ஏற்பாடு செய்வீர்கள். பயிற்சி முடிந்தது என்று பதிவேட்டில் எழுதிவிடுவீர்கள்.

டாக்டர்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. ஆனால் கல்யாண வீட்டுக்குச் சமையற்காரர் ஒருவர் வந்தால் போதுமா? காய் வாங்க ஆள் வேண்டும், பந்தி விசாரிக்க ஆள் வேண்டும், யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பார்க்க ஒரு பெரியவர் வேண்டும். பயிற்சியும் அப்படித்தான்.

இதில் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. ரிங் பிரேம் ஓட்டுகிற பெண் ஷிப்டு முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்கிறாள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மூச்சு வாங்கலாம், தலை சுற்றலாம். அதே பெண் கர்ப்பமாகி, அளவு 7 கிராமுக்குக் கீழே போய்விட்டால், மற்றவர் தாங்கிக்கொள்ளும் பிரசவ இரத்தப்போக்கு இவள் உயிரையே கொண்டுபோகக்கூடும். குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும். ஆகவே வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டுப் போகிற விஷயம் இது இல்லை.

முதலில் வேண்டியவர், விசாரிக்கிற ஆள். மற்ற எல்லோரையும்விட இவர்தான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான ஆலைகளில் இவர் இருக்கவே மாட்டார்.

ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், "பொண்ணுங்க மாத்திரை சாப்பிட மாட்டேங்கிறாங்க, விழிப்புணர்வு இல்லை, வகுப்பு எடுங்க" என்று எங்களை அழைத்தார்கள். வகுப்பு எடுக்கும் முன்பு எங்கள் சக ஊழியர் ஒருவர் இரண்டு நாள் அந்த கேண்டீனிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண்டது என்ன? மாத்திரையை டீ இடைவேளையில் கொடுக்கிறார்கள். பெண்கள் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கி மேலே டீயைக் குடிக்கிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது. கழிப்பறைக்கு இரண்டாம் தடவை போனால் சூப்பர்வைசர் முகத்தைச் சுளிக்கிறார். பிறகு எந்தப் பெண் சாப்பிடுவாள்? வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுகிறாள். இங்கே முதல் வகுப்பு பெண்களுக்கா, சூப்பர்வைசருக்கா? சூப்பர்வைசருக்குத்தான் எடுத்தோம். மாத்திரை கொடுக்கிற நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து என்று நிர்வாகமே மாற்றிவிட்டது. அதற்கு வகுப்பே தேவைப்படவில்லை.

விசாரிக்கிறவர் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. மேனேஜர் போய்க் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். ஆலை நர்சம்மாவோ, விடுதி வார்டனோ, கிராம சுகாதாரச் செவிலியரோ கேட்கட்டும்.

இரண்டாவது, விஷயம் தெரிந்தவர். இதில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டாக்டர். இன்னொருவர், பத்து வருஷம் அதே பிரேமில் நின்ற அக்கா. மருந்து டாக்டருக்குத் தெரியும். எந்த நேரத்தில் கை ஓயும், எந்த ஷிப்டில் பசி எடுக்காது, யார் வீட்டில் மாமியார் மாத்திரையைத் தூக்கி எறிவார் என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். இவரைக் கூட்டத்துக்கு அழைத்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

மூன்றாவது, பாடம் அமைக்கிறவர். டாக்டர் இருபது விஷயம் சொல்வார், இருபதும் உண்மை. அதில் பதினைந்தை எடுத்துவிடுகிற துணிச்சல் இவருக்கு வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி கழித்து மாத்திரை. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே. கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே நர்சிடம் சொல். அவ்வளவு போதும். ஆனால் மருந்தின் அளவில் இவர் கை வைக்கக் கூடாது. இரத்தசோகை வராமல் தடுக்க கர்ப்பமோ தாய்ப்பால் கொடுப்பதோ இல்லாத பெண்களுக்கு வாரம் ஒரு மாத்திரை, கர்ப்பிணிக்கு நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள். சோகை ஏற்கெனவே இருப்பவருக்கு டாக்டர் சொல்லும் அளவு. இதைச் சுருக்குகிறேன் என்று யாராவது "எல்லாரும் ஒன்று சாப்பிடுங்கள்" என்று எழுதிவிட்டால் விபரீதம். எழுதி முடித்ததை டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

நான்காவது, படம் வரைகிறவரும் மொழி மாற்றுகிறவரும். இன்று நம் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் வேலை செய்கிறார்கள். தமிழில் அழகாக நோட்டீஸ் அடித்து ஒட்டி என்ன பயன்? அவர்களில் தமிழ் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணையே குழுவில் சேருங்கள். வரைந்த படத்தை ஐந்து பேரிடம் காட்டி, "இது என்னம்மா?" என்று கேளுங்கள். டீ டம்ளர்மேல் பெருக்கல் குறி போட்ட படத்தைப் பார்த்து, இங்கே டீ தீர்ந்துபோச்சு என்று படித்துவிட்டால் திரும்ப வரையத்தான் வேண்டும். ஓவியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

ஐந்தாவது, பாடம் நடத்துகிறவர். குரல் நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பேசுகிறவரைவிட, அவர்களைப் பேச வைக்கிறவர் நல்லவர். இருபது பேருக்கு மேல் ஒரு வகுப்பில் வேண்டாம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துவது பாவம். தூங்குகிறவர்மேல் குற்றம் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் கொடுக்க வேண்டியவர் உற்பத்தி மேலாளர். அவரைக் கடைசியில் போய் அனுமதி கேட்காதீர்கள். முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். எந்த ஷிப்டில், எத்தனை பேரை, எத்தனை நிமிஷம் விடலாம் என்று அவர் வாயாலேயே வரட்டும். பெயர் எழுதுவது, மாத்திரை இருப்புப் பார்ப்பது, அறை ஏற்பாடு எல்லாம் டைம் ஆபீசில் ஒருவர் பொறுப்பில் இருந்தால் போதும்.

கடைசியாக, அளந்து பார்க்கிறவர். பாடம் நடத்தியவரே இதைச் செய்யக் கூடாது. பரீட்சை எழுதியவரே மார்க் போட்ட கதையாகிவிடும். அமெரிக்காவில் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-இல் இதற்கு நாலு படிகள் சொன்னார். வகுப்பு பிடித்ததா, விஷயம் தெரிந்ததா, நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா என்பவை அவை. நம் ஆட்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். "வகுப்பு மிக நன்று" என்று எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். கேட்க வேண்டியது வேறு. இரண்டு வாரம் கழித்து, மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலி? டீ இடைவேளையில் மாத்திரை கொடுப்பது நின்றதா? மூன்று மாதம் கழித்து அதே பெண்களுக்குத் திரும்பவும் இரத்தம் பார்த்தால் எத்தனை பேருக்கு ஏறியிருக்கிறது? ஏறாதவர்களைத் திட்ட வேண்டாம். குடல் புழு, அதிக மாதப்போக்கு, வேறு நோய் எதுவும் உண்டா என்று டாக்டர் பார்க்கட்டும். யாருடைய அளவு எவ்வளவு என்பது நர்சம்மாவின் நோட்டில் மட்டும் இருக்க வேண்டும். அதைப் பலகையில் எழுதிப் போடுவதோ, அதை வைத்து ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்துவதோ கூடவே கூடாது. ஒரு தடவை அப்படி நடந்தால் அடுத்த முறை ஒரு பெண்ணும் விரலை நீட்ட மாட்டாள்.

சிறிய ஆலையில் இத்தனை பேருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒருவரே இரண்டு வேலை பார்க்கலாம். நர்சம்மா விசாரிக்கலாம், பாடமும் நடத்தலாம். அளப்பதை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் விட்டுவிடுங்கள்.

எங்களைச் சந்திக்க வரும்போது மூன்று பொருள்களைக் கையோடு கொண்டு வாருங்கள்: ஷிப்டு அட்டவணை, கேண்டீனில் ஒரு வாரம் போட்ட சாப்பாட்டுப் பட்டியல், அந்தப் பத்து வருஷத்து அக்கா.