விடியற்காலைக் கனவு ஏன் மிஞ்சுகிறது?



அழைப்பிதழில் 'நினைவுச் சொற்பொழிவு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் மறதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் நம்பிக்கை. பொன்னவன் பெயரில் வழங்கும் கனா நூலும் இரவின் எந்த யாமத்தில் கனவு வந்தது என்று பார்த்தே அது பலிக்கும் காலத்தைக் கணிக்கிறது. கடை யாமத்துக் கனவுக்குத்தான் அவசரம் அதிகம், சீக்கிரம் பலித்துவிடுமாம். பலிக்குமா பலிக்காதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குத் தோன்றும் கேள்வி வேறு: முதல் யாமத்துக் கனவை நம்மில் எத்தனை பேர் காலையில் சொல்ல முடியும்? பத்து மணிக்குப் படுத்தவர் பதினொன்றரைக்குக் கண்டதெல்லாம் போன இடம் தெரியாது. பெரும்பாலும் கையில் மிஞ்சுவது கடைசிக் கனவுதான். மிஞ்சியதற்குத்தானே பலன் கேட்க முடியும்?

ஏன் அது மட்டும் மிஞ்சுகிறது என்பதற்கு அறிவியல் தந்த முதல் தெளிவான விடை 1953இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியல் கிளைட்மனின் மாணவராக இருந்த யூஜின் அசரின்ஸ்கி, தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் விழிகள் சில நேரங்களில் விரைந்து அசைவதைக் கருவியில் பதிவுசெய்தார். தொடக்கத்தில் கம்பிகளை ஒட்டிச் சோதித்தது தம் எட்டு வயது மகனிடம். இந்தக் கட்டத்தை ரெம் உறக்கம் என்கிறார்கள். 1957இல் வில்லியம் டிமென்ட்டும் கிளைட்மனும் ஒன்பது பேரைத் தூங்கவைத்து, நடு நடுவே எழுப்பிக் கேட்டார்கள். ரெம் உறக்கத்தில் எழுப்பிய 191 தடவைகளில் 152 தடவை கனவு சொன்னார்கள். மற்ற உறக்கத்தில் எழுப்பிய 160 தடவைகளில் 11 தடவைதான் சொன்னார்கள்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ரெம் வரும். முதல் சுற்றில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடியலை நெருங்க நெருங்க நீளும். கடைசிச் சுற்று அரை மணியைத் தாண்டுவதும் உண்டு. அதன் நடுவிலோ அது முடிந்த உடனேயோ கண்விழிப்பதால்தான் விடியற்காலைக் கனவு கைக்குச் சிக்குகிறது. பொன்னவன் யாமத்தைச் சரியாகத்தான் குறித்துவைத்திருக்கிறார். காரணம்தான் வேறு.

ஆனால் அந்த 11 என்ற எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் டேவிட் ஃபோக்ஸ் என்ற ஆய்வாளர் கேள்வியை மாற்றினார். 'கனவு கண்டாயா?' என்று கேட்காமல், 'எழுப்புவதற்கு முன் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?' என்று கேட்டார். ரெம் இல்லாத உறக்கத்திலிருந்தும் நிறைய விடைகள் வந்தன. பல மங்கலானவை, யோசனை போன்றவை, என்றாலும் வந்தன. என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தும் நினைவு அமைகிறது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த செய்தி.

'எனக்குக் கனவே வருவதில்லை' என்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃப் குழுவினர் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரெம் உறக்கத்தில் தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகள் தளராத ஒரு நோய் உண்டு. அது உள்ளவர்கள் கனவில் செய்வதைப் படுக்கையிலேயே செய்துவிடுவார்கள். அவர்களில் சிலர், பல ஆண்டுகளாகத் தங்களுக்குக் கனவே இல்லை என்றவர்கள். இரவுப் பதிவில் பார்த்தால் வாதாடுகிறார்கள், உதைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். காலையில் கேட்டால் ஒன்றும் இல்லை.

சரி, ஏன் மறக்கிறது? சிக்மண்ட் ஃபிராய்டு, உள்ளே ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்துகொண்டு வேண்டாததை அழிக்கிறார் என்ற பொருளில் விளக்கினார். அவ்வளவு பெரிய சதி தேவையில்லை என்பது என் முடிவு. விழித்திருக்கையில் நினைவைப் பதிக்க உதவும் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் ரெம் உறக்கத்தில் மூளையில் மிகவும் குறைந்துவிடுகிறது. எழுதும் ஆள் விடுப்பில் இருக்கும்போது கூட்டம் நடக்கிறது. நடவடிக்கைக் குறிப்பு எங்கிருந்து வரும்? 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், எலிகளில் ரெம் உறக்கத்தின்போது இயங்கும் சில நரம்பணுக்கள் மறதிக்கே துணைபோவதைக் காட்டினார்கள். மனிதக் கனவுக்கும் இது பொருந்துமா என்பது இனிமேல்தான் தெளிய வேண்டும்.

பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபி குழுவினர் கண்டது இன்னும் எளிமையானது. கனவை அடிக்கடி நினைவுகூர்பவர்கள், நினைவுகூராதவர்களைவிட இரவில் ஏறத்தாழ இருமடங்கு நேரம் விழித்திருக்கிறார்கள். சின்னச் சின்ன விழிப்புகள் அவை. ஆக, கனவு தங்குவதும் தங்காததும் பெரும்பாலும் நாம் எழும் விதத்தில் இருக்கிறது. கனவு நினைவில்லையே என்று வருந்துகிறவர் அநேகமாக நல்ல தூக்கக்காரர்.

நினைவில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஆட்டோ லோவியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருந்தியல் பேராசிரியர். நரம்பு தன் கட்டளையை மின்னோட்டமாகவே கடத்துகிறதா, வேதிப்பொருள் வழியாகவா என்பது அந்நாளைய வழக்கு. ஓரிரவு விழித்து, ஒரு துண்டுத் தாளில் ஏதோ கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில், முக்கியமான ஒன்றை எழுதினோம் என்பது நினைவிருக்கிறது. எழுதியது என்ன என்பது நினைவில்லை. தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. அன்று முழுதும் தவித்திருக்கிறார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. இம்முறை தாளை நம்பவில்லை. எழுந்து நேராக ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்து, அதைச் சூழ்ந்த திரவத்தை மற்றதில் விட்டார். அதுவும் தணிந்தது. ஆய்வு 1921இல் வெளிவந்தது. 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு. இதெல்லாம் அவரே முதுமையில் சொன்னது. அந்த நினைவிலும் கொஞ்சம் மறதி கலந்திருக்கலாம்.

நம் கணிதமேதை ராமானுஜன் இந்த வகையில் கெட்டிக்காரர். கனவில் நாமகிரித் தாயார் சூத்திரங்களை அருளுவதாக அவர் சொல்வதுண்டு. படுக்கையிலிருந்து எழுந்ததும் அவற்றைக் குறித்துவைத்து உடனே சரிபார்ப்பார் என்று அவரை அறிந்த சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் பதிவு செய்திருக்கிறார்கள். தெய்வம் சொன்னாலும் சரிபார்த்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

எழுதாதவர்கள் சொன்னார்கள். நம் இலக்கியத்தில் கனவு கண்டவர் அநேகமாகத் தோழியிடம் சொல்கிறார். ஆண்டாள் தன் திருமணக் கனவை அப்படித்தான் சொல்கிறாள். சடங்குகள் ஒவ்வொன்றும் முறைப்படி வருகின்றன. கண்ட கனவு அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்குமா என்ற ஐயம் எனக்குண்டு. சொல்லச் சொல்ல வரிசை தானே வந்து சேரும். சிலப்பதிகாரத்தில் 'கனாத்திறம் உரைத்த காதை'யில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனவு இன்னும் நுட்பமானது. ஓர் ஊர், கோவலன் மேல் விழுந்த பழி, அரசனுக்கும் ஊருக்கும் வந்த கேடு எனச் சொல்லிவந்தவள், அதன்பின் தனக்கும் அவனுக்கும் வந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்று நிறுத்திக்கொள்கிறாள். மறந்தது ஒரு பங்கு, மறைத்தது ஒரு பங்கு. கனவு ஆய்வாளர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய இடம் இது.

நினைவுகூர விரும்புவோருக்குச் சில நடைமுறைகள். கண்விழித்ததும் புரளாதீர்கள், கிடந்த கிடையில் கிடங்கள். செல்பேசியை எடுத்தால் தீர்ந்தது. கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். காட்சி இல்லையென்றால் பயமா, வெட்கமா, எந்த உணர்ச்சியோடு எழுந்தீர்களோ அதையாவது எழுதுங்கள். அலாரம் வைத்து நள்ளிரவில் எழுந்து எழுதும் முறையை உளவியலாளர் மேரி கால்கின்ஸ் 1893இலேயே தம் கட்டுரையில் விவரித்திருக்கிறார். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கொடுங்கனவால் அவதிப்படுகிறவர்கள் குறிப்பேட்டைத் தொடாமல் மருத்துவரிடம் போவது நல்லது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களிடம் கனவைக் கேளுங்கள். பல் துலக்கிக் காப்பி குடித்தபின் கேட்டால் பாதி போயிருக்கும். எழுந்த உடனே கேளுங்கள். 'கனவு கண்டீர்களா?' என்று கேட்காதீர்கள், 'என்ன ஓடிக்கொண்டிருந்தது?' என்று கேளுங்கள். பலன் சொல்லத் தொடங்காமல், திருத்தாமல், அவர்கள் பேச்சிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள். விடுமுறை முடிந்து வரும்போது அந்தக் குறிப்பேட்டை உங்கள் துறையில் கொண்டுவந்து கொடுங்கள்.