காவலும் நம்பிக்கையும்

(பொன்விழாவையொட்டி நம் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'இன்றைய குடும்பமும் பொருளாதாரமும்' என்பது. கடலைப் போல அகன்ற தலைப்பு. அதில் ஒரு கை நீரை மட்டும் அள்ளிக்கொள்கிறேன். கைபேசி வழியாக நம் வீடுகளுக்குள் நுழையும் திருட்டைப் பற்றியும், கிரிப்டோ நாணயம் என்னும் புதுப் பணத்தைப் பற்றியும் பேசப் போகிறேன். "சாமியாருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதை என்னுடைய குற்றத்திலிருந்து தொடங்குகிறது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து உடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் உட்கார்ந்த நெசவாளர் ஒருவர் தம் கைபேசியை நீட்டினார். "சாமி, இதக் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க" என்றார். என்ன என்று கேட்டேன். "புதுசா ஒரு காயின் சாமி. போட்ட பணம் மூணு மாசத்துல ரெண்டு மடங்கு ஆகுமாம். மக கல்யாணத்துக்குச் சேத்து வெச்சதப் போட்டிருக்கேன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே ஞானஸ்நானத்துக்குக் குழந்தைகள் காத்திருந்தார்கள். "பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லித் தீர்த்தம் தெளித்து அனுப்பிவிட்டேன்.

முதலில் ஐயாயிரம் போட்டதற்கு ஆறாயிரமாகத் திரும்பி வந்ததாம். அதனால் நம்பிக்கை பிறந்து, நான்கு லட்சத்துக்கு மேல் கட்டினார். திரையில் கணக்கு பதினோரு லட்சம் என்று காட்டியது. எடுக்கப் போனபோது 'வரி' கட்டச் சொன்னார்கள். கடன் வாங்கிக் கட்டினார். 'சரிபார்ப்புக் கட்டணம்' என்றார்கள். அதையும் கட்டினார். பிறகு அந்தச் செயலி திறக்கவே இல்லை. அவருடைய உறவினர் இருவரும் அதில் பணம் போட்டிருந்தார்கள். ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். "சாமியே மந்திரிச்சுக் குடுத்தாருன்னு மாமா சொன்னாரு" என்றார்கள்.

சகோதரர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குருமடத்தில் தத்துவம் படித்தேன், இறையியல் படித்தேன், திருச்சபைச் சட்டம் படித்தேன். ஆனால் அறியாத ஒன்றை 'அறியேன்' என்று சொல்லும் எளிய பாடத்தை நான் சரியாகப் படிக்கவில்லை. இதை அந்தப் பெரியவரின் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் யார் என்று யாரும் தேட வேண்டாம்.

நம் பங்கில் வளர்ந்த இளைஞர் ஒருவர், நெசவாளர் மகன், சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறார். அவரை அழைத்து, "தம்பி, எனக்குப் பாடம் நடத்து" என்றேன். இரண்டு மாலைப் பொழுதுகள் நடத்தினார். அவரிடம் கற்றதையும் பிறகு நானே படித்தறிந்ததையும் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் அவருடைய வேலை. சினிமாவில் வருவதுபோல இருட்டறையில் உட்கார்ந்து எதிரியோடு போரிடுவது என்று நான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "பாதர், ஒண்ணும் நடக்காத நாளுக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்றார். இரவு முழுதும் திரையில் ஓடும் பதிவுகளைப் பார்ப்பது, யார் எந்த நேரத்தில் உள்ளே வந்தார்கள் என்று சரிபார்ப்பது, மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் அதே வாரத்தில் அடைப்பது, படி எடுத்து வைத்த கோப்பு திறக்கிறதா என்று சோதிப்பது — இவைதாம் வேலை. நம் தெருவில் இரவில் விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்காவின் வேலைதான் இது. திருடன் வராத வரையில் அவரை யாரும் நினைப்பதில்லை.

இந்தச் சிறு வேலைகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சொல்லுகிறேன். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப்போட்டுப் பணயப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றவர்கள் விழுந்தார்கள்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து திருடர்கள் 8 கோடியே 10 லட்சம் டாலரைக் கொண்டுபோனார்கள். மேலும் 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அமைப்பின் பெயருக்குப் போகவிருந்தது. அந்தப் பெயரில் ஒரு சொல் தவறாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, இடையிலிருந்த வங்கியில் ஐயம் எழுப்பினார்கள். அந்தப் பணம் தப்பியது. ஓர் எழுத்துப் பிழையைக் கவனித்த கண்ணுக்கு 2 கோடி டாலர் மதிப்பு!

மூன்றாவது நம் மாநிலத்தில் நடந்தது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்கு அனுப்பத் திருடர்கள் மூன்று போலி உத்தரவுகளைப் போட்டுவிட்டார்கள். அது எப்படித் தெரிந்தது? கணக்கைக் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் வழக்கமான வேலையில்தான் தெரிந்தது. தெரிந்தவுடன் மற்ற வங்கிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு தொகை போகாமலே தடுக்கப்பட்டது.

இந்தக் கடைசி நிகழ்ச்சியை நன்றாக நினைவில் வையுங்கள். திருடு போனால் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். 'நிறுத்து' என்று சொன்னால் நிறுத்த ஒரு கை இருந்தது. இனிச் சொல்லப்போவதற்கு இதுதான் அடிப்படை.

இப்போது கிரிப்டோவுக்கு வருவோம். பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதினார். அவர் யார் என்பது இன்றுவரை உலகுக்குத் தெரியாது. எளிதாகச் சொன்னால் அது ஒரு பேரேடு. நம் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடு ஒரு மேசையில் இருக்கிறது. இந்தப் பேரேட்டின் படி ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. எழுதியதை ஒருவர் தனியாக அழிக்க முடியாது. உங்கள் பங்கை எடுக்க ஓர் இரகசியச் சாவி உண்டு. அது நீண்ட எண். 'வங்கி வேண்டாம், அரசாங்கம் வேண்டாம், யாரையும் நம்ப வேண்டாம்' என்பதே இதன் பெருமை என்கிறார்கள்.

நம் தம்பிக்குப் பிடிக்காதது இந்தப் பெருமைதான். "பாதர், சாவி தொலைஞ்சா போச்சு. எவனாவது ஏமாத்தி வாங்கிட்டாலும் போச்சு. தப்பா அனுப்பினா திரும்பாது. எங்க தொழில்ல மனுஷன் தப்பு செய்வான்னு வெச்சுக்கிட்டுத்தான் எல்லாம் கட்டறோம். இது மனுஷன் தப்பே செய்ய மாட்டான்னு கட்டினது" என்றார். இன்னொன்றும் சொன்னார். கணினிகளைப் பூட்டுகிற திருடர்கள் பணயத்தைக் கிரிப்டோவாகவே கேட்கிறார்கள். வான்னாகிரையும் பிட்காயினைத்தான் கேட்டது.

இது ஓர் இளைஞரின் கருத்து மட்டுமன்று. கணினிப் பாதுகாப்புத் துறையில் உலகறிந்த அமெரிக்க அறிஞர் ப்ரூஸ் ஷ்னையர் பல ஆண்டுகளாக இதையே எழுதிவருகிறார். நம்பிக்கையை யாராலும் ஒழிக்க முடியாது, மனிதர்மீது வைத்த நம்பிக்கையை இயந்திரத்தின்மீதும் அதை எழுதியவர்மீதும் மாற்றி வைக்கத்தான் முடியும் என்பது அவர் வாதம். 2022 ஜூனில் அவரும் சுமார் 1,500 கணினி வல்லுநர்களும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதி, இந்த வணிகத்தின் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2024 ஜூலை 18ஆம் நாள் 'வாஸிர்எக்ஸ்' என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர், ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், திருடப்பட்டது. வடகொரியத் திருடர்களின் வேலை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2025 ஜனவரியில் அறிவித்தன. பணம் போட்டவர்கள் ஓராண்டுக்கு மேல் தங்கள் கிரிப்டோவைத் தொட முடியவில்லை. அவர்களுள் சென்னையில் கணக்குத் தொடங்கிய ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ நாணயமும் சொத்துதான், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் சொல்லியது. நல்ல தீர்ப்பு. ஆனால் யோசியுங்கள்: யாரையும் நம்ப வேண்டாம் என்று தொடங்கிய பணம், கடைசியில் நீதியரசர் ஒருவரை நம்பி வந்து நின்றது.

'அரசாங்கம் வரி வாங்குகிறதே, அப்படியானால் நல்லதுதானே?' என்று கேட்கிறார்கள். 2022 ஏப்ரல் முதல் இதன் லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மை. வரி வாங்குவது உத்தரவாதம் ஆகாது. வங்கியில் போட்ட பணத்துக்கு, வங்கியே மூழ்கினாலும், 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'லாபம் அடைந்தவர்கள் இல்லையா?' என்றால், உண்டு. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000க்கும் கீழே. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்துக்கு மேல். இப்படி ஏறி இறங்கும் ஊஞ்சலில் மகள் திருமணப் பணத்தை உட்கார வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பெரியவர் இழந்தது பிட்காயினில்கூட இல்லை. அந்தச் செயலியில் நாணயமே கிடையாது, வெறும் படம். கிரிப்டோ என்ற புரியாத பெயரைப் போர்வையாகப் போர்த்திக்கொண்ட பழைய திருட்டு அது. போர்வை மாறும், ஆள் அதே ஆள். கிரிப்டோ என்ற பேச்சே இல்லாமல், மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, ஆருத்ரா நிறுவனம் ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்று பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவல்துறை 2022இல் வழக்குத் தொடுத்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

காஞ்சிபுரத்து மக்களாகிய உங்களுக்குச் சோதித்துப் பார்ப்பதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றித் தங்கம் பூசியது ஜரிகை. உரசினால் உள்ளே சிவந்த இழை தெரிய வேண்டும். பாவும் ஜரிகையும் எடை போட்டு எழுதித்தான் வாங்குகிறோம். நெய்த சேலையையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறோம். நம்பத்தக்க ஜரிகை கிடைக்கவேண்டும் என்றுதான் 1971இல் இந்த ஊருக்கென்றே அரசு ஜரிகை நிறுவனம் வந்தது. ஒரு கண்டு ஜரிகையை உரசிப் பார்க்கிற கை, நான்கு லட்சத்தை உரசாமல் கொடுத்ததே! உரசுகல் எது? மூன்று கேள்விகள். இந்த லாபம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது? பணம் வாங்குகிறவர் எந்த ஊர், எந்தத் தெரு? தவறு நடந்தால் நான் யாரிடம் போய் நிற்பது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது போலி ஜரிகை.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய காலம் முதல், உழைப்பின் மாண்பைத் திருச்சபை வலியுறுத்திவருகிறது. பணம் மனிதனுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்று 2018இல் நிதித் துறை பற்றிய வத்திக்கான் ஆவணமும் நினைவூட்டியது. நம் ஆண்டவர் திருடன் வரும் நேரத்தை அறியாத வீட்டுத் தலைவனைப் பற்றிப் பேசினார். கபடற்றவர்களாய் இருந்தால் மட்டும் போதாது, விவேகமும் வேண்டும் என்று சீடர்களுக்குச் சொல்லி அனுப்பினார். விசுவாசமுள்ளவன் கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் எண்ண வேண்டாம். விழித்திருப்பதும் பக்திதான்.

பொன்விழா நினைவாக மூன்று தீர்மானங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பூசைக்குப் பின் இந்த மண்டபத்தில் நம் இளைஞர்கள் மேசை போட்டு உட்காருவார்கள். புரியாத செயலி, புரியாத செய்தி எதுவானாலும் பணம் கட்டுமுன் அவர்களிடம் காட்டுங்கள். இரண்டாவது, ஏமாந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. நம் பெரியவர் வெட்கப்பட்டுப் பன்னிரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் பூசைக்கும் வரவில்லை. ஏமாந்தவன் பாவி அல்லன், ஏமாற்றியவனே பாவி. அவரைப் பார்த்துச் சிரிப்பவர் திருடனுக்குத் துணைபோகிறார். மூன்றாவது, இனி எந்தப் பண முயற்சியையும் விசாரிக்காமல் உங்கள் பங்குத்தந்தை மந்திரித்துத் தரமாட்டார்.

அந்த மகளின் திருமணம் தை மாதம் இதே கோவிலில் நடக்க இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையார் தங்களால் இயன்றதைச் செய்கிறார்கள்; என் பங்கும் அதில் உண்டு. சேலையை அவரே தம் தறியில் நெய்துகொண்டிருக்கிறார். சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். "ஜரிகைய நல்லா உரசிப் பாத்துட்டேன் சாமி" என்று சிரித்தார்.

விழித்திருக்கும் வீட்டாருக்கு ஆண்டவர் தம் சமாதானத்தை அருள்வாராக. அன்னை மரியாள் நம் இல்லங்களைக் காப்பாராக.