உளுந்தூர்பேட்டைக்கு வரும் ஷூ கம்பெனி

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வரவிருக்கும் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 2,302 கோடி ரூபாய் முதலீடு, 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். கரும்பையும் நெல்லையும் மரவள்ளியையும் நம்பியிருக்கிற மாவட்டத்துக்கு இது பெரிய செய்தி. நல்ல செய்தியும்கூட.

ஆனால் வருகிறவர் கடந்துவந்த பாதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1969-இல் தைவானில் தொடங்கிய கம்பெனி இது. நைக்கி, அடிடாஸ் ஷூக்களைச் செய்து கொடுப்பவர்களில் இவர்களும் உண்டு. ஒரு ஓட்டப்பந்தய ஷூவின் மேல்பாகத்தைக் கவனித்துப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி, வளைவுக்கு வளைவு மெஷினில் தைத்து, அச்சில் ஏற்றி, பசை தடவி, சூடுகாட்டி அடிப்பாகத்தோடு அழுத்துகிறார்கள். இன்றும் இதில் பெரும்பங்கு மனிதக் கைகள் செய்யும் வேலை. அதனால் கூலி ஏறுகிற இடத்திலிருந்து கூலி குறைந்த இடத்துக்கு இந்தத் தொழில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தைவானிலிருந்து சீனா போனது, பிறகு இந்தோனேசியா, வியட்நாம், இப்போது இந்தியா.

2014 ஏப்ரலில் சீனாவின் டோங்குவானில் இந்தக் குழுமத்தின் ஆலைகளில் சுமார் 40,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வாங்குகிற முழுச் சம்பளத்துக்கும் கணக்குப் போட்டுச் சமூகக் காப்பீட்டுப் பணம் கட்டவில்லை என்பதுதான் அவர்களின் மனக்குறை. ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோதுதான் பலருக்கு அது தெரிந்தது. 2023-இல், இங்கே ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில், ஆர்டர் குறைந்ததால் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் உள்ள இந்தக் குழுமத்தின் ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

இனி இதே மாவட்டத்தில் இருக்கும் கல்வராயன் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மலைமக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாமையும் தினையும் விளைகிற மலை. ஆனாலும் வெளியூர்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள் இங்கே உண்டு. சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதல்! ஆனால் உளுந்தூர்பேட்டை மாவட்டத்தின் கிழக்குக் கோடி, இந்த மலையிலிருக்கும் வெள்ளிமலை மேற்குக் கோடி. ஷிப்டுக்கு ஏற்ற பஸ்ஸோ பாதுகாப்பான விடுதியோ இல்லாமல் இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி அந்த வேலைக்குப் போய்வர முடியாது. இதை மாவட்ட நிர்வாகம் இப்போதே திட்டமிட வேண்டும்.

வேலைக்குச் சேரப்போகும் தங்கைகளே, டோங்குவானில் நடந்தது உங்களுக்கும் நடக்காமலிருக்க முதல் மாதமே சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். எந்தத் தொகைக்குப் பிடிக்கிறார்கள், உங்கள் பங்கும் கம்பெனியின் பங்கும் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள். உமங் செயலி இருந்தால் கையிலிருக்கும் போனிலேயே பார்த்துவிடலாம். ஏறவில்லை என்றால் தனியாகப் போய் நிற்காதீர்கள். லைனில் உள்ள எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.